விருந்து மேசையில் ஒரு சாட்சி: ‘ஃபெஸ்டன்’ திரைப்படம் பற்றிய திறனாய்வு

குடும்பத்திற்குள் இழைக்கப்பட்ட கொடுமையையும், அதற்காக ஆண்டுகள் கழித்து வாங்கப்படும் பழியையும் பொருளாகக் கொண்ட புதினங்களும் திரைப்படங்களும் இன்று பெருகியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே. முதற்பகுதியில் குற்றம் விரித்துக் காட்டப்படும். காண்போர் உள்ளம் கொதிக்கும். பின்னர் அக்கொதிப்பைத் தணிக்கும் அளவுக்கு இரத்தம் சிந்தப்படும். காயம்பட்டவர்மேல் நமக்குள்ள இரக்கத்தையே முதலீடாக வைத்து, கொலையைக் கண்டு மகிழும் உரிமையை நமக்கு விற்பதே இவ்வகைக் கதைகளின் வாணிபம். இவற்றைக் குறித்துத் திருப்பணியாளர் சிந்திக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். நம் சபையாரில் பலர், குறிப்பாக இளைஞர், நீதியைப் பற்றிய தங்கள் எண்ணங்களை நம் மறையுரைகளிலிருந்து பெறுவதைக் காட்டிலும் இத்தகைய கதைகளிலிருந்தே மிகுதியாகப் பெறுகின்றனர் என்பதே அதற்கு விடை.

இவ்வகையைச் சேர்ந்ததுபோல் தோன்றி, ஆயினும் அதன் வாணிபத்திற்கு இணங்காத படைப்பு ஒன்றை இங்கு ஆராய விரும்புகிறேன். டென்மார்க்கு நாட்டு இயக்குநர் தாமஸ் வின்டர்பெர்க் 1998ஆம் ஆண்டு எடுத்த ‘ஃபெஸ்டன்’ என்னும் திரைப்படமே அது. கொண்டாட்டம் அல்லது விழா என்பது அப்பெயரின் பொருள். அவ்வாண்டுக் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் பரிசை வேறொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. பின்னர் பல நாடுகளில் மேடை நாடகமாகவும் நடிக்கப்பட்டது. டென்மார்க்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, 1706இல் சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கக் காரணமாயிருந்த நான்காம் பிரெடெரிக் மன்னரின் நாடு. அந்த லுத்தரன் நாட்டின் செல்வக் குடும்பமொன்றின் உணவுக்கூடத்திலேதான் இக்கதை நிகழ்கிறது. குருவானவர் எவருக்கும் இதில் குறிப்பிடத்தக்க இடமில்லை. அந்த வெறுமையும் கருதத்தக்கதே.

கதையைச் சுருக்கமாகக் கூறுவேன். பெரிய விடுதி ஒன்றின் உரிமையாளரான ஹெல்கே தம் அறுபதாம் பிறந்தநாளைக் கொண்டாடுகிறார். உற்றாரும் நண்பரும் கூடுகின்றனர். பிள்ளைகளில் உயிரோடிருப்பவர் மூவர்: பாரிஸ் நகரில் வாழும் மூத்தவன் கிறிஸ்டியன், சினமும் குடியும் மிகுந்த இளையவன் மிக்கேல், மானுடவியல் பயின்ற மகள் ஹெலனே. கிறிஸ்டியனின் இரட்டைச் சகோதரி லிண்டா, சில காலத்திற்கு முன்னர் அதே விடுதியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவள். மூத்த மகன் என்ற முறையில் வாழ்த்துரை கூற எழும் கிறிஸ்டியன், இரு நிறத் தாள்களில் இரு உரைகள் எழுதி வைத்திருப்பதாகக் கூறி, தந்தையையே ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கிறான். அவர் பச்சையைத் தெரிவு செய்கிறார். அது உண்மையின் உரை. சிறுவயதில் தன்னையும் லிண்டாவையும் தந்தை பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கி வந்ததை, குரலை உயர்த்தாமல், வாழ்த்துரையின் நயமான நடையிலேயே அவன் சொல்லி முடித்து அமர்கிறான்.

அதன்பின் நிகழ்வதே படத்தின் நடு நரம்பு. யாரும் எழுந்து போகவில்லை, யாரும் கூக்குரலிடவில்லை. விருந்தை நடத்துபவர் நிகழ்ச்சியைத் தொடர்கிறார். உணவு பரிமாறப்படுகிறது. கரண்டிகளின் ஒலி மீண்டும் கேட்கிறது. உண்மை சொல்லப்பட்டாகிவிட்டது, ஆனால் அது கேட்கப்படவில்லை. ஆகையால் கிறிஸ்டியன் மீண்டும் எழுகிறான், மீண்டும் கண்ணாடிக் கிண்ணத்தைத் தட்டுகிறான். தாய் எல்சே புன்னகையோடு எழுந்து, மகன் சிறுவயது முதலே கற்பனை மிகுந்தவன் என்றும், மனத்திலே ஒரு தோழனை உருவாக்கிக்கொண்டு அவனோடு பேசி வந்தவன் என்றும் கூறி, தந்தையிடம் மன்னிப்புக் கேட்கும்படி அன்போடு வேண்டுகிறார். அந்தத் தாயே ஒருநாள் அறைக்குள் வந்து கண்ணால் கண்டும் விலகிப் போனவர் என்பதை அப்போது மகன் வெளியிடுகிறான். மிக்கேலும் வேறு சிலரும் அவனை வெளியே இழுத்துச் சென்று காட்டில் ஒரு மரத்தோடு கட்டிவைக்கின்றனர். சாட்சி கூடாரத்திற்குப் புறம்பே தள்ளப்படுகிறான். உள்ளே விருந்து நடக்கிறது.

இப்படத்தின் ஆக்கமுறையைப் பற்றி இறையியல் மாணவர் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் இங்கே முறையே பொருளாகிவிட்டது. 1995இல் வின்டர்பெர்க்கும் லார்ஸ் வான் டிரியர் என்ற மற்றொரு இயக்குநரும் ‘டோக்மே 95’ என்ற பெயரில் பத்து விதிகளை வகுத்தனர். அவ்விதித் தொகுப்புக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கற்பின் பொருத்தனை’. துறவிகளின் சொல்லைத் திரைத்தொழிலார் எடுத்தாண்டது ஓரளவு குறும்பே. ஆயினும் விதிகள் கடுமையானவை. படப்பிடிப்பு உண்மையான இடத்திலேயே நடைபெற வேண்டும். வெளியிலிருந்து பொருள்கள் கொண்டுவரலாகாது. காட்சியோடு சேர்ந்து எழாத இசை கூடாது. சிறப்பு ஒளியமைப்பு கூடாது. கேமராவைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். கதை இங்கே, இப்பொழுது நிகழ்வதாக இருக்க வேண்டும். காலம் பின்னோக்கிப் போகலாகாது. கொலையும் படைக்கலமும் கதையில் இடம்பெறலாகாது. இயக்குநரின் பெயர் படத்தில் வரலாகாது. இவ்விதிகளின்படி எடுக்கப்பட்ட முதற்படம் ‘ஃபெஸ்டன்’. வீட்டு விழாக்களைப் பதிவு செய்வதற்கென விற்கப்படும் சிறு வீடியோ கேமராவாலேயே அந்தோணி டாட் மேன்டில் இதனைப் படம்பிடித்தார். உறவினர் ஒருவர் எடுத்த பிறந்தநாள் படம்போல் அது ஆடுகிறது, மங்குகிறது, சில வேளை முகத்தைத் தவறவிடுகிறது. படப்பிடிப்பின்போது ஒரு சன்னலைத் துணியால் மறைத்தது போன்ற சிறு மீறல்களை இயக்குநர் பின்னர் ‘அறிக்கை’ செய்தார் என்பதும் சுவையான செய்தியே.

இவ்விதிகளுள் இரண்டு நம் ஆய்வுக்கு இன்றியமையாதவை. முதலாவது, காலம் பின்னோக்கிப் போகலாகாது என்பது. வேறொரு இயக்குநராயின், குழந்தைகளின் துன்பத்தைத் திரையில் காட்டியிருப்பார். அதனைப் பார்த்த நாம் உடனே நம்பியிருப்போம். நம்பியதற்கு நம்மை நாமே மெச்சியும் இருப்போம். இங்கே அப்படியொரு காட்சியும் இல்லை. விருந்தினருக்குக் கிடைக்கும் அதே சொற்கள் மட்டுமே நமக்கும் கிடைக்கின்றன. கடந்த காலம் சாட்சியின் வாய்ச்சொல்லாக மட்டுமே அந்த மேசைக்கு வர முடியும். விசுவாசம் கேள்வியினால் வரும் என்று போதிக்கும் மரபினராகிய நாம் இதனை எளிதில் உணரக்கூடும். கண்டு நம்புவது எளிது. ஒருவன் நடுங்காத குரலில் சொல்வதைக் கேட்டு நம்புவதா வேண்டாவா என்று தீர்மானிப்பதே கடினம். ஆயரின் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசத் தொடங்கும் ஒருவரிடமும் சொல்லைத் தவிர வேறு எதுவும் இருப்பதில்லை.

இரண்டாவது, படைக்கலம் கூடாது என்ற விதி. பழிவாங்கும் கதைக்கு வாள் வேண்டும். இங்கோ வாள் முன்னமே பறிக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது சொல் ஒன்றே. ஆகவே, கிறிஸ்டியன் செய்வது பழிவாங்கலா, கடிந்துகொள்ளுதலா என்ற கேள்வி எழுகிறது. படத்தைப் பற்றி எழுதியோர் சிலர் இதனைப் பழிவாங்கும் கதை என்றே வகைப்படுத்துகின்றனர். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் 17, 18 வசனங்களை மாணவர் ஒருங்கே வைத்துப் படிக்க வேண்டும். பிறனில் அன்புகூர வேண்டும் என்ற புகழ்பெற்ற கட்டளை 18ஆம் வசனத்தின் இறுதியில் வருகிறது. பழிவாங்காதே என்பது அதற்குச் சற்று முன்னர் வருகிறது. அதற்கும் முன்னர், 17ஆம் வசனத்தில், சகோதரனை உள்ளத்திலே பகைக்கலாகாது, அவனை வெளிப்படையாகக் கடிந்துகொள்ள வேண்டும் என்ற கட்டளை நிற்கிறது. நாம் பெரும்பாலும் முதற்படியை விட்டுவிட்டு இறுதிப்படிக்குத் தாவுகிறோம். பேசாதே, மன்னித்துவிடு என்கிறோம். நூலின் ஒழுங்கோ வேறு. உள்ளத்திலே அடைத்து வைக்கப்பட்ட பகையே பழியாக முதிர்கிறது. கடிந்துகொள்ளுதல் அதற்கு மாற்று வழியாகத் தரப்பட்டிருக்கிறது.

இதனைத் திருமறையிலேயே ஒரு கதை எதிர்மறையாக விளக்குகிறது. 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தைவிட இருண்ட குடும்பக் கதை எங்கும் இராது. யோனதாபின் தந்திரத்தால், நோயுற்றவன்போல் படுத்திருந்த அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்துத் துரத்திவிடுகிறான். அவள் தலையில் சாம்பலிட்டு, பலவர்ண அங்கியைக் கிழித்து, வெளிப்படையாகக் கதறிக்கொண்டே போகிறாள். அக்கதையில் உண்மையை உரத்துச் சொன்னவள் அவள் ஒருத்தியே. அவளுடைய உடன்பிறந்தானாகிய அப்சலோம், அவன் உன் சகோதரன், நீ பேசாதிரு, இதை மனத்தில் வைக்காதே என்ற கருத்தில் அவளை அடக்குகிறான். தாவீது கேள்விப்பட்டு மிகவும் கோபங்கொள்கிறான். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. அம்னோன் முதற்பேறானவன் ஆதலால் தாவீது அவன் மனத்தை நோகச் செய்யவில்லை என்று கிரேக்க மொழிபெயர்ப்பு சேர்த்துச் சொல்கிறது. இரண்டு முழு ஆண்டுகள் அப்சலோம் அம்னோனோடு நன்மையும் பேசவில்லை, தீமையும் பேசவில்லை. பின்னர் பாகால்ஆசோரில் ஆட்டு மயிர் கத்தரிப்பு விருந்து. திராட்சரசத்தால் அம்னோனின் உள்ளம் களித்திருக்கும் வேளையில் வேலைக்காரர் அவனைக் கொன்றுபோடுகின்றனர்.

இரு கதைகளிலும் விருந்து உண்டு. நெருங்கிய உறவில் நிகழ்ந்த கொடுமை உண்டு. அறிந்தும் வாளாவிருந்த பெற்றோர் உண்டு. வேறுபாடு ஒன்றே. அப்சலோம் விருந்துக்கு மௌனத்தைக் கொண்டுவந்தான்; அந்த மௌனத்தினுள் வாள் இருந்தது. கிறிஸ்டியன் விருந்துக்குச் சொல்லைக் கொண்டுவந்தான். தாமார் கதறிய அன்றே தாவீதின் அரண்மனை செவிகொடுத்திருந்தால் பாகால்ஆசோர் நிகழ்ந்திராது என்று எண்ண இடமுண்டு. கிறிஸ்டியன் மரத்தில் கட்டப்பட்ட பின்பும் அவிழ்த்துக்கொண்டு அதே மேசைக்குத் திரும்பி வருகிறான். மீண்டும் பேசுவதற்கே வருகிறான். ஆயினும் அவனைப் புனிதனாக்கவும் வேண்டா. இரண்டாம் உரையில் தந்தையைக் கொலைகாரன் என்று அழைத்து, அவருக்கென்று கிண்ணத்தை உயர்த்தும்போது அவன் குரலில் பழியின் சுவையும் கலந்திருக்கிறது. பிறந்தநாளைத் தெரிவு செய்ததிலும் அது உண்டு. தூய கடிந்துகொள்ளுதல் மனிதரிடத்தில் அரிதே.

தந்தையின் குறையை வெளிப்படுத்தலாமா என்று இறையியல் வகுப்புகளில் தவறாமல் ஒருவர் கேட்பார். நோவாவின் நிர்வாணத்தைச் சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்து மூடியதும், காம் அதனை வெளியே சொல்லிச் சாபத்திற்கு வழிவகுத்ததும் உடனே எடுத்துக்காட்டப்படும். இந்த எடுத்துக்காட்டு பொருந்தாது. நோவா குடித்து வெறித்துத் தன் கூடாரத்தில் கிடந்தவன். அங்கே வெட்கம் அவனுடையது, அதனால் காயமுற்றவர் வேறு எவருமில்லை. அதை மூடுவது நற்பண்பு. ஹெல்கேயின் வீட்டில் மூடப்படுவது தந்தையின் வெட்கமன்று, பிள்ளைகளின் காயம். அந்த விருந்தினர் அனைவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையோடு பின்னோக்கி நடக்கிறார்கள். தாங்கள் சேமும் யாப்பேத்தும் என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.

இனி சாட்சியைப் பற்றி. ஒரே சாட்சியின் வாய்மொழியால் ஒருவன்மேல் குற்றம் நிலைநாட்டப்படலாகாது என்பது உபாகமம் 19இன் சட்டம். படத்தின் கதைக்கட்டு இச்சட்டத்தின்மேல் எழுப்பப்பட்டதுபோல் இருப்பது வியப்பே. கிறிஸ்டியன் ஒருவன் சொன்னபோது எவரும் அசையவில்லை. இரண்டாம் சாட்சி இறந்துபோனவள். லிண்டா தன் அறையில் ஒளித்துவைத்த கடிதத்தை, சிறுவயதில் அவர்கள் விளையாடிய குறிப்பறிந்து தேடும் விளையாட்டின் வழியே ஹெலனே கண்டெடுக்கிறாள்; படித்து அஞ்சி, மாத்திரைக் குப்பியில் மறைக்கிறாள். பணிப்பெண் பியாவின் வழியாகக் கிறிஸ்டியனின் கைக்கு வந்து, விருந்து நடத்துபவரின் மூலம் மேசைக்கு வந்து, ஹெலனேயின் வாயாலேயே அது படிக்கப்படுகிறது. மறைத்தவளே படிக்க வேண்டியவள் ஆகிறாள். அத்துடன் அந்தக் கூடம் உடைகிறது. ஏன் இப்படிச் செய்தீர் என்று மகன் கேட்டதற்கு, நீங்கள் அதற்கு மட்டுமே தகுதியானவர்கள் என்ற பொருளில் தந்தை விடை சொல்கிறார். தம் வாயாலேயே தாம் தீர்க்கப்பட்டார்.

மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இன்றி ஏற்கலாகாது என்ற 1 தீமோத்தேயு 5:19 நம் சபைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் வசனம். அடுத்த வசனம் அத்துணை கேட்கப்படுவதில்லை. குற்றம் செய்தவரை மற்றவரும் அஞ்சும்படி எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. மேலும், இரண்டாம் சாட்சியைத் தேட வேண்டிய கடமை யாருடையது? காயமுற்றவரே அதனைக் கொண்டுவர வேண்டும் என்று காத்திருக்கிறோம். மறைவில் செய்யப்படும் குற்றத்திற்கு இரண்டாம் சாட்சி பெரும்பாலும் மற்றொரு காயமுற்றவரே. இப்படத்தில் அவள் உயிரோடும் இல்லை. வெளியிலே வன்கொடுமைக்கு ஆளான பெண், கூப்பிட்டும் காப்பாற்ற ஒருவரும் இல்லாதிருந்தாள் என்று கொள்ள வேண்டும் என்பதாக உபாகமம் 22 தீர்ப்புச் சொல்வதையும் இங்கே சேர்த்து எண்ணுதல் தகும். அங்கே ஒருத்தியின் நிலைமையே அவளுக்குச் சாட்சியாகிறது. நம் நாட்டில், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிய வந்த எவரும் அதனைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வகுத்துள்ளது. ‘எவரும்’ என்பதில் ஆயரும் அடங்குவர்.

ஒரு சிக்கலான செய்தியை இவ்விடத்தில் மறைக்கலாகாது. இக்கதைக்கு வித்திட்டது டென்மார்க்கு வானொலியில் ஒரு மனிதர் தம் வாழ்வில் நிகழ்ந்ததாகக் கூறிய வரலாறு. படம் புகழ்பெற்ற பின்னர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அது தாம் புனைந்தது என்று அவர் ஒப்புக்கொண்டார். இதைக் கேட்டதும் சிலர் மகிழக்கூடும்: பார்த்தீர்களா, சொல்வதெல்லாம் உண்மையல்ல! உண்மைதான், ஒருவன் பொய் சொல்லக்கூடும். அதற்காகவே விசாரணை வேண்டும். ஆனால் படம் குற்றஞ்சாட்டுவது விசாரித்தபின் நம்ப மறுத்தவர்களை அன்று. அந்த மேசையில் எவரும் எதையும் விசாரிக்கவே இல்லை. ஒரு கேள்வி கேட்டவர்கூட இல்லை. பொய்ச்சாட்சியைக் குறித்து உபாகமம் 19 சொல்லும் வழியும் நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும் என்பதே. சூப்பை ஆறுமுன் குடிக்க வேண்டும் என்பதன்று.

படத்தில் என்னை மிகவும் ஈர்த்தது சமையலறை. அங்கே தலைமைச் சமையற்காரனாக இருப்பவன் கிம் என்னும் கிறிஸ்டியனின் இளமைத் தோழன். விருந்தினர் நழுவிப் போகாதபடி, அவன் ஏவுதலால் பணிப்பெண்கள் எல்லாருடைய கார்ச் சாவிகளையும் எடுத்து ஒளித்துவிடுகின்றனர். மேலே அமர்ந்திருப்போர் கேட்க மறுக்கிறார்கள்; கீழே வேலை செய்வோர் முன்னமே அறிந்திருக்கிறார்கள். உண்மை பேசப்படும்வரை கதவைக் காத்தவர்கள் அவர்களே. வின்டர்பெர்க் இதனை வேடிக்கை கலந்து விரைவாகக் கடந்துவிடுகிறார். இன்னும் சற்று நின்றிருக்கலாம்.

குறை என்று நான் கருதுவது மிக்கேலின் மாற்றத்தில் உள்ளது. தொடக்கத்தில் அண்ணனுக்குக் காரில் இடம் தருவதற்காக மனைவி மக்களை இறக்கிச் சாலையில் நடக்கவிடுகிறவன் அவன். சகோதரியின் நண்பராக வந்த கறுப்பின இளைஞரை இழிவுபடுத்தும் பாட்டைத் தொடங்கி, விருந்தினர் அனைவரையும் பாடவைக்கிறவன். அப்பாடல் காட்சி நடுங்கவைப்பது. குற்றத்தைக் கேட்டு ஊமையானவர்கள் ஏளனம் செய்ய மட்டும் ஒரே குரலாகிறார்கள். அண்ணனைக் கட்டிவைத்தவனும் அவனே. கடிதம் படிக்கப்பட்ட இரவில் அதே மிக்கேல் தந்தையை வெளியே இழுத்துச் சென்று அடித்து நொறுக்குகிறான். காண்போர் பலருக்கு அக்காட்சி மனநிறைவு தருகிறது. அப்படித் தருவதே ஐயத்திற்குரியது. மாலையில் அண்ணனை அடித்த கையும் இரவில் தந்தையை அடித்த கையும் ஒன்றே. கை மாறவில்லை, திசை மட்டுமே மாறியது. இயக்குநர் இதனை அறிந்தே அமைத்தாரா, அல்லது அவரும் சற்று நேரம் பழியின் சுவைக்கு இடம்கொடுத்தாரா என்று துணிய முடியவில்லை. கிறிஸ்டியன் அடிப்பவன் அல்லன் என்பதை மட்டும் படம் தெளிவாகக் காக்கிறது.

மறுநாள் காலை உணவுக் காட்சி குறுகியது. ஆனால் மறையுரையாளர் பலமுறை பார்க்க வேண்டியது. ஹெல்கே உள்ளே வருகிறார். பிள்ளைகளுக்குத் தாம் செய்தது பெருந்தீங்கு என்று எல்லார் முன்பும் ஒப்புக்கொள்கிறார். இனி அவர்களைக் காணப்போவதில்லை என்று அறிந்திருப்பதாகவும், ஆயினும் அவர்களை நேசிப்பதாகவும் சொல்கிறார். மிக்கேல் எழுந்து அவரிடம் வந்து, நன்றாகப் பேசினீர்கள், நாங்கள் உணவருந்தும்படி இப்போது நீங்கள் போகவேண்டும் என்ற பொருளில் கூறுகிறான். கிழவர் எழுந்து போகிறார். தாய் எல்சே அவரோடு போகவில்லை, இருக்கையிலேயே இருந்துவிடுகிறார்.

இங்கே மன்னிப்பு எங்கே என்று நம்மவர் கேட்பது இயல்பு. நான் மாணவரோடு இதனைப் பேசியபோதும் முதற்கேள்வி அதுவாகவே இருந்தது. படம் மன்னிப்பை மறுத்துவிட்டது என்று நான் கொள்ளவில்லை. அது இன்னும் அந்த இடத்திற்கு வரவில்லை. முந்தின இரவு வரை இல்லாதிருந்த ஒன்று அந்தக் காலையில் இருக்கிறது: குற்றம் குற்றம் என்று எல்லாராலும் அறியப்பட்டிருக்கிறது. அதற்கு முன் மன்னிக்கச் சொல்லுவது, எதை மன்னிப்பது என்று பெயரிடாமலே மன்னிக்கச் சொல்லுவதாகும். தாமாரைப் பேசாதிருக்கச் சொன்ன அப்சலோமும் சகோதர உறவைத்தான் காரணம் காட்டினான். தந்தை மேசையை விட்டு எழுப்பப்படுவது பழிவாங்கல் அன்று. மத்தேயு 18 சொல்லும் வழியில் சபைக்கு அறிவித்த பின்னர் நிகழும் விலக்கு அது. பிள்ளைகள் ஒரு வேளையாவது அச்சமின்றி உண்பதற்கு வேண்டியதும் அதுவே. எல்சே உட்கார்ந்திருப்பது மனந்திரும்புதலா, வெற்றி பெற்ற பக்கத்தில் இடம் பிடித்தலா என்று படம் சொல்லவில்லை. அம்முகத்தை எத்தனை முறை பார்த்தும் எனக்குத் தெளியவில்லை.

மற்றொருத்தியைப் பற்றியும் படம் சொல்லவில்லை. மிஷேல் என்ற பணிப்பெண்ணை மிக்கேல் முன்பு தன் இச்சைக்குப் பயன்படுத்திக் கைவிட்டிருந்தான். அவ்விருந்து நாளில் அதைப் பற்றிப் பேச வந்தவளை அடித்தான். சாவிகளை ஒளித்த கைகளில் அவளுடைய கையும் ஒன்று. தாமார் தன் சகோதரனாகிய அப்சலோமின் வீட்டில் தனித்துக் கிடந்தாள் என்று எழுதிய ஆசிரியர் அதன்பின் அவளுக்கு என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. அவள் பெயர் மட்டும் அடுத்த அதிகாரத்தில் அப்சலோமின் மகளுக்கு இடப்பட்டிருக்கிறது. தந்தையை மேசையிலிருந்து எழுப்பிய மிக்கேல் திரும்ப வந்து தன் நாற்காலியில் அமர்கிறான். மிஷேலுக்காக எவரும் கிண்ணத்தைத் தட்டவில்லை.